சிங்கப்பூர் பட்சி பார்டர்

பாஸ்கருக்கு,

நம் குடும்ப வரலாற்றில் பின்னால் வருகிறவர்கள் குறிப்பிட்டுப் பேசக்கூடிய ஒரு முடிவு நாலு நாளைக்கு முன்னால் எடுக்கப்பட்டது. உன் அம்மா சிங்கப்பூருக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வர மாட்டாள். பின்னால் வார் வைத்த தோல் செருப்புத்தான். இதற்காக ஒரு வாரமாக வீட்டில் ஆலோசனை நடந்தது. உன் அக்கா இதற்கென்றே போளூரிலிருந்து பஸ் ஏறி வந்து, கான்வாஸ் ஷூதான் சரி என்று வாதாடித் தோற்றுப் போனாள். பட்டுப்புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ தெரிந்தால் ஆரணிக்காரர்களைப் பற்றி அந்த ஊரில் என்ன நினைப்பார்கள் என்று அம்மா கேட்டாள். செருப்பு வாங்கியாகிவிட்டது. காலையும் மாலையும் அதைப் போட்டுக்கொண்டு தறிக்கொட்டகைக்கும் வாசலுக்குமாக நடந்து பழகுகிறாள். கடிக்கும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவுகிறாள்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று கேட்டேன். "பறவைப் பூங்காவுல நாள் பூரா நடந்துகினே இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?" என்றாள். சொன்னேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதத்தை அம்மா எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள். கம்பெனி உன்னை முதல் தடவையாக வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. பம்ப் விற்கிற வேலை வெள்ளிக்கிழமையோடு முடியும். அதுவரை அம்மா அங்கேயே இருக்கிற, உன்னோடு படித்த பையன் வீட்டில் தங்குவாள். சனியும் ஞாயிறும் அவளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவாய். டிக்கெட் உன் செலவு. எல்லாம் நல்ல செய்தி. கடைசியில், "அந்தப் பறவைப் பூங்காவுக்கு எப்போது போவது, மற்ற இடங்களுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று அனுபவஸ்தரான அப்பா எழுதவும்" என்று கேட்டிருந்தாய். அனுபவஸ்தர் என்ற சொல்லை அம்மா கொஞ்சம் நிறுத்தி, பெருமையாகப் படித்தாள். நான் எழுந்து போய் வெந்நீர் போட்டேன். அப்போது மத்தியானம். வெந்நீரில் யாருக்கும் வேலை இல்லை.

முதலில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஊர் பார்ப்பதைக் கடைசிக்கு ஒதுக்காதே. வேலை முடியட்டும், நிம்மதியாகப் பார்க்கலாம் என்று தள்ளி வைத்த ஊர்களை முக்கால்வாசிப் பேர் பார்ப்பதே இல்லை. போய் இறங்கிய அன்று சாயங்காலமே, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், தெருமுனை வரை நடந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வா. வழி தெரியாவிட்டால் யாரையாவது கேள். தப்பாகக் கேட்டாலும் பரவாயில்லை. முதல் நாள் அறைக்குள் உட்கார்ந்துவிட்டால் மறுநாள் அந்த அறைக்கதவைத் திறப்பது கஷ்டம். இது என் சொந்த அனுபவம். சிங்கப்பூரைப் பற்றி நான் இதுவரை உங்களுக்கெல்லாம் சொன்ன மற்ற எதுவும் அப்படி இல்லை.

எழுபத்தைந்தில் நான் போனது உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். நீ அப்போது சின்ன வகுப்பு. நெசவுக்காரர்களுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவையாக வாங்கி, வேலூருக்கும் மதராஸுக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரில் ஜவுளிக்கடை வைத்திருந்த வந்தவாசிப் பக்கத்துக்காரர் ஒருவர், கல்யாணப் புடவை சாம்பிள்களோடு நேரில் வரும்படி எழுதினார். அதுவரை நான் போன தூர தேசம் பெங்களூர். வாசலில் ஊரே கூடி விசாரித்தது. வியாபாரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டது, "அங்க இன்னா இன்னா பாக்கப் போறீங்க?" என்றுதான்.

அதை முடிவு செய்தது அம்மா. அவளுக்கும் வர ஆசை இருந்தது. உனக்கும் அக்காவுக்கும் பள்ளிக்கூடம் இருந்தது, தறி ஓடிக்கொண்டிருந்தது, இரண்டாவது டிக்கெட்டுக்கு வழி இல்லை. வராத ஆள் போட்ட பயணத் திட்டத்தைப் போல ஒழுங்கான திட்டத்தை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. வாரப் பத்திரிகைகளில் சிங்கப்பூரைப் பற்றி வந்ததை எல்லாம் கத்தரித்துச் சேர்த்தாள். முதலில் கடைக்காரரைப் பார்ப்பது, பிறகு துறைமுகம், கம்பியில் தொங்கிப் போகும் வண்டி, கடைசியாக ஒரு முழு நாள் பறவைப் பூங்கா. துறைமுகத்துக்கு நேரம் இல்லாவிட்டால் விட்டுவிடலாம். பறவைப் பூங்காவை விடக் கூடாது.

காரணம் உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். நம் வீட்டுப் புடவைகளுக்குப் பார்டர் போட்டது நான் என்று ஊர் நினைக்கிறது. நான் நினைக்க விட்டிருந்தேன். கிராப் காகிதத்தில் கட்டம் கட்டமாக நிரப்பி டிசைன் போட்டது அம்மா. அதைப் பார்த்துத்தான் அட்டைகளில் துளை போடுவார்கள். அட்டைகளைத் தறிக்கு மேலே மாட்டினால் துளை சொல்கிறபடி பார்டர் விழும். அவள் பிறந்ததும் நெசவு வீடு. "மயிலு, அன்னம், கிளி, ரெண்டு தல பட்சி. இந்த நாலையே வெச்சிகினு எத்தினி நாளு ஓட்டறது?" என்று சலித்துக்கொள்வாள். கிளம்புகிற அன்று அவள் கேட்டது இவ்வளவுதான்: "எனக்கு சென்ட்டு வாணா, டார்ச் லைட்டு வாணா. ஒரே ஒரு புது பட்சிய நல்லா பாத்துகினு வாங்க. கலரு மட்டும் கரெக்டா சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

பட்டு வியாபாரி. நூல் சாயத்தில் மயிரிழை வித்தியாசத்தைக் கண்டுபிடித்து ஆளோடு சண்டை போடுகிறவன். என்னிடம் கேட்கக்கூடிய மிகச் சுலபமான காரியம் அது.

வியாபாரம் முதல் நாள் முற்பகலிலேயே முடிந்துவிட்டது. கடைக்காரர் புடவைகளை விரித்துப் பார்த்தார், சிலவற்றை எடுத்துக்கொண்டார், மோர் கொடுத்தார், பிறகு அவருக்கு வேறு வேலை இருந்தது. மிச்ச நாட்கள் முழுவதும் என்னுடையவை. மறுநாள் காலை குளித்து, திருநீறு இட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பறவைப் பூங்காவுக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். சரியான பஸ்தான். கண்டக்டர் வந்து ஏதோ கேட்டார். நான் ஆங்கிலத்தில் கனமான புத்தகங்களைப் படித்தவன் என்பது உனக்குத் தெரியும். அலமாரியைத் திறந்து விருந்தாளிகளுக்குக் காட்டியிருக்கிறேன். அந்தக் கண்டக்டருக்கு ஒரு ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் மறுபடி கேட்டார். பின்னால் ஒரு பெண் சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பஸ் வந்த வழியே நடந்து, தங்கியிருந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

திரும்பி வரும் நாள் வரைக்கும் அறையில்தான் இருந்தேன். கீழே ஒரு கடையில் சாப்பாடு; கையால் காட்டினால் போட்டுவிடுவார்கள். விற்காத புடவைகள் கட்டிலில் கிடந்தன. நான் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன புத்தகத்தைப் படித்து முடித்தேன். யாரோ ஒருவர் லண்டனைச் சுற்றிப் பார்த்து எழுதியது. லண்டன் நன்றாக இருந்தது.

ஊருக்கு வந்து இறங்கியதும் உண்மையைச் சொல்லிவிடத்தான் நினைத்திருந்தேன். நான் கால் கழுவி உள்ளே வருவதற்குள் அம்மா கிராப் காகிதத்தை விரித்து, கலர் பென்சில்களைச் சீவி வைத்து உட்கார்ந்திருந்தாள். ஆர்டர் கிடைத்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

"பட்சி?"

"பாத்தேன்."

"உடம்பு இன்னா கலரு?"

கண்ணை மூடினேன். கட்டிலில் கிடந்த புடவைகள்தான் தெரிந்தன. "அரக்கு" என்றேன்.

"றெக்க?"

"கிளிப்பச்சை."

"கழுத்து?"

"மாம்பழ மஞ்சள். ஒரு பக்கமா பார்த்தா ஆரஞ்சு அடிக்கும்."

"டபுள் கலரா! பட்சிக்கா!" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கொண்டை உண்டா என்றாள். உண்டு என்றேன். எத்தனை இழை என்றாள். மூன்று. தனியாகவா, ஜோடியாகவா? ஜோடி. பெயர்? "பேர் எழுதிப் போடல." அவள் கேட்கக் கேட்க அந்தப் பறவைக்கு உறுப்புகள் முளைத்தன. நான் உண்மையாகவே பார்த்திருந்தால் பாதிக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்காது.

அட்டை தயாரானதும் நம் தறியில் முனுசாமிதான் முதல் புடவையை நெய்தார். இரண்டு முழம் ஓடியதும் எழுந்து வந்து, "அண்ணி, இது இன்னா, காக்காவா கோழியா? ஒண்ணும் புரியலையே" என்றார். "சிங்கப்பூர் பட்சி. அவரு நேர்ல பாத்தாரு" என்றாள் அம்மா. "அண்ணன் பாத்தாருன்னா சரிதான்" என்று முனுசாமி போய் உட்கார்ந்து மிச்சத்தையும் நெய்தார். நாலு பட்சிகளைப் பார்த்துச் சலித்திருந்தது அவள் மட்டும் இல்லை போலிருக்கிறது. சேத்துப்பட்டிலும் வந்தவாசியிலும் கல்யாணம் என்றால், "சிங்கப்பூர் பட்சி இருக்குதா?" என்று கேட்டு வந்தார்கள். மற்ற வீட்டுத் தறிகளிலும் அதைப் பார்த்துப் போட்டார்கள். அவர்கள் போட்டதில் கொண்டைக்கு இரண்டே இழை என்று அம்மா குறை சொன்னாள். "பட்சியப் பாக்காதவங்க போட்டா இப்டித்தான்" என்றாள். உன் அக்காவின் முகூர்த்தப் புடவையில் இரண்டு கரையிலும் அதுதான் ஓடியது. அவள் மணையில் உட்கார்ந்திருந்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை; கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதோடு நின்றேனா என்றால் இல்லை. ஆரணியில் யாராவது வெளிநாடு போவதாக இருந்தால் என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். வியாபாரத்துக்கு இடையில் ஊர் பார்க்க நேரம் ஒதுக்குவது எப்படி என்று நான் வகுத்துக் கொடுத்தேன். பறவைப் பூங்காவுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும், மத்தியானத்தில் பறவைகள் தூங்கிவிடும் என்றேன். ஒருவர் போய்விட்டு வந்து, நான் சொன்னது அப்படியே சரியாக இருந்தது என்று மாம்பழக் கூடையோடு வந்து நன்றி சொன்னார். அவரும் எந்த அறையில் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது.

உனக்குச் செய்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பறவை ஒன்று வரையச் சொன்னபோது நீ இந்தப் பட்சியை வரைந்தாய். டிராயிங் வாத்தியார், இப்படி ஒரு பறவை உலகத்திலேயே கிடையாது, கண்ணால் பார்த்ததை வரை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ அழுதுகொண்டு வந்தாய். உன் முகத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். அதைத்தான் இன்றுவரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய், வகுப்புக்கு நடுவில், "நான் நேரில் பார்த்தவன் சார். நீங்கள் ஆரணியை விட்டு வெளியே போனதுண்டா?" என்று கேட்டேன். அவர் நல்ல மனிதர். பிள்ளைகள் எதிரில், "தெரியாம சொல்லிட்டேங்க, மன்னிக்கணும்" என்றார். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். ஒரு பிள்ளை தகப்பனை அப்படிப் பார்ப்பது அபூர்வம். அந்த வாத்தியார் அதற்குப் பிறகு கடைத்தெருவில் என்னைக் கண்டால் ஒதுங்கி வழி விடுவார். போன வருஷம் தவறிப்போனார். நான் துக்கத்துக்குப் போனேன், வாசலோடு திரும்பிவிட்டேன்.

இப்போது உன் திட்டப்படி சனிக்கிழமை அம்மா அந்தப் பூங்காவில் நிற்கப் போகிறாள். பாஸ்போர்ட்டுக்காக விசாரிக்க வந்த போலீஸ்காரர், எந்த விஷயமாகப் போகிறீர்கள் என்று கேட்டார். "ஒரு பட்சியப் பாக்கணும்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். எழுதிக்கொண்டு போனார்.

ஆகவே உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அங்கே போன பிறகு, பூங்காவில் ஏதோ பராமரிப்பு நடக்கிறது, உள்ளே விடவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிடு. வேறு எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ. பெரிய பொய் இல்லை. நான் சொன்னதோடு ஒப்பிட்டால்

மேலே பாதியில் நிற்கிற வாக்கியத்தை அப்படியே விட்டு, இரண்டு நாள் கழித்துத் தொடர்கிறேன். என்ன மாதிரி ஆள் உன்னிடம் என்ன கேட்க இருந்தான் என்பது உனக்குத் தெரிய வேண்டும். அதை எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா கையில் ஒரு துண்டுத் துணியோடு வந்தாள். பழைய புடவை ஒன்றிலிருந்து வெட்டிய பார்டர், ஒரு சாண் இருக்கும்.

"இத கைப்பையில வெச்சிக்கறேங்க" என்றாள். "அந்தப் பட்சி பக்கத்துல புடிச்சி ஒரு தரம் பாக்கணும். இத்தினி வருசமா எனக்கு அந்தக் கழுத்துல சந்தேகம். நீங்க சொன்னது சரியாத்தான் இருக்கும். நான்தான் போடும்போது எங்கியோ கோட்ட வுட்டுட்டேன். பட்சின்னா இப்டியா கழுத்து இருக்கும்?"

பேனாவை மூடி வைத்தேன்.

"கோட்ட விட்டது நீ இல்ல. அந்தப் பட்சிய நான் பாக்கல" என்றேன்.

அவள் சிரித்தாள். "தே, ஆரம்பிச்சிட்டீங்களா. புள்ள காசுல போறேன், உங்களுக்கு இன்னா பேஜாரு? ஒரு பத்து நாளு ஓட்டல்ல சாப்ட்டா எளச்சிப் பூடுவீங்களா?"

"நிஜமா சொல்றேன். பூங்காவுக்கே நான் போகல."

"போகாமதான் காலைல பட்சி கத்தும், மத்தியானம் தூங்கும்னு ஊருக்கெல்லாம் சொல்லிகினு இருந்தீங்களா? செருப்பு வாங்கறதுக்கு முன்னாடி சொல்லிருந்தாலும் நம்பியிருப்பேன்."

நான் போகவிடாமல் தடுப்பதற்காக ஜோடிக்கிறேன் என்றே அவள் நினைத்தாள். பொய்யை ஒரே பேச்சில் நம்பியவளுக்கு உண்மையை நம்பவைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் எழுந்து பீரோவைத் திறந்தேன். சிங்கப்பூரில் விற்காமல் திரும்பி வந்த புடவைகளில் ஒன்றை அவள் ஆசையாகத் தனக்கென்று எடுத்து வைத்திருந்தாள். அரக்கு உடம்பு, கிளிப்பச்சை முந்தானை, பார்டர் மாம்பழ மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த டபுள் கலர். அதை எடுத்து அவள் மடியில் வைத்தேன். "நீ கேட்டப்ப எனக்குத் தெரிஞ்சது இதுதான்" என்றேன்.

அவள் புடவையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பார்டரை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள், மறு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். கையிலிருந்த துண்டை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். நிறங்கள் நூலுக்கு நூல் பொருந்தின. அவள் எதையும் கோட்டை விட்டிருக்கவில்லை.

"கொண்டையில மூணு இழ?"

"நீ எத்தனன்னு கேட்ட. சொன்னேன்."

"பஸ்ல ஏறினன்னு சொன்னீங்களே, அது?"

"ஏறினேன். இறங்கிட்டேன்."

"எறங்கி?"

"ரூம்ல புத்தகம் படிச்சேன்."

"அத்தினி நாளுமா?"

"ஆமா."

அவள் புடவையைப் பழைய மடிப்பின் மேலேயே மடித்தாள். பீரோவில் வைத்துவிட்டு, "நானா இருந்தா பட்சியப் பாக்காம திரும்பி இருக்க மாட்டேன்" என்றாள். திட்டுகிற குரல் இல்லை. அது உண்மை, அவ்வளவுதான். நாங்கள் இரண்டு பேரில் தப்பான ஆள் அந்த விமானத்தில் ஏறினான் என்பது இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. பார்க்கவில்லையே என்றும், பொய் சொன்னேனே என்றும் வெட்கப்பட்டிருக்கிறேன். அவளுடைய இடத்தில் நான் போனேன் என்பதற்கு வெட்கப்பட எனக்கு அந்த ஒரு வாக்கியம் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியது ஒரே ஒரு தடவை. "டிக்கெட்ட எடுக்கச் சொல்லி அவனுக்கு எழுதுங்க. கிராப் காகிதம் நாலு தாளு வாங்கியாந்து குடுங்க" என்றாள். வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

ஆகவே, நான் கேட்க இருந்ததைச் செய்ய வேண்டாம். சனி, ஞாயிறு இரண்டு நாளையும் பூங்காவுக்கே வைத்துக்கொள். துறைமுகத்தை விட்டுவிடு. உள்ளே போனதும் அவளைத் தனியாக விடு. "இதைப் பார், அதைப் பார்" என்று நீ எதையும் காட்டாதே. எந்த நிறம் என்று அவள் கேட்டாலும் சொல்லாதே. எவ்வளவு நேரம் ஒரே கூண்டின் முன்னால் நின்றாலும் கடிகாரத்தைப் பார்க்காதே. பஸ்ஸில்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கண்டக்டரிடம் அவளே பேசட்டும். தமிழிலேயே பேசுவாள், அவருக்குப் புரிந்துவிடும்.

அக்காவிடம் நானே சொல்கிறேன். உன்னிடமும் நேரில்தான் சொல்லியிருக்க வேண்டும். நீ அன்று வகுப்பில் பார்த்த மாதிரி பார்த்துவிடுவாயோ என்று எழுதுகிறேன்.

முனுசாமி ஓடிக்கொண்டிருந்த புடவையை நேற்று முடித்து அறுத்தார். இன்று காலை அம்மா சொன்னதன் பேரில் தறிக்கு மேலே ஏறி, பட்சி அட்டைகளை இறக்கினார். ஏன் அண்ணி என்று கேட்டதற்கு, டிசைன் பழசாயிடுச்சு என்றாள். அந்தத் தறியில் இப்போது மாங்காய் பார்டர் ஓடுகிறது.

அப்பா